கேரவனில் போய்த் தங்கம் தேடுவது: மேற்கு ஆஸ்திரேலியாவில் முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

சென்ற ஜூலை பள்ளி விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் பெர்த்திலிருந்து லியனோரா பக்கம் தங்கம் தேடப் போனோம். நானும் மனைவியும், எங்களுக்கு மூத்த நண்பர் ஒருவரும் அவர் மனைவியும். அவர்களை அண்ணன், அண்ணி என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு வண்டி, ஒரு வாடகைக் கேரவன் (வண்டியின் பின்னால் கட்டி இழுத்துப்போகும் சக்கர வீடு), ஒன்பது நாள். அதில் மூன்று நாள் வீண். தங்கம் கிடைக்காத நாட்களைச் சொல்லவில்லை, அவை எல்லோருக்கும் உண்டு. அடுத்தவர் சுரங்க உரிமம் வாங்கியிருந்த நிலத்துக்குள் டிடெக்டரை (மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தை ஒலியால் காட்டும் கருவி) ஆட்டிக்கொண்டிருந்து, ஒரு காலை அவருடைய வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றதும் மூட்டை கட்டிக் கிளம்பிய நாட்களைச் சொல்கிறேன். எந்தக் கருவி வாங்கலாம் என்று இரண்டு மாதம் பேசினோம். எந்த நிலத்தில் நிற்கலாம் என்று இரண்டு மணி நேரம்கூடப் பேசவில்லை. உங்களுக்கு அது நேராமல் இருக்கட்டும்.

கீழே உள்ளவை மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்துக்கு மட்டும் பொருந்தும். விக்டோரியா, குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் எல்லாவற்றுக்கும் விதிகள் தனித்தனி. ஒரு மாநிலத்து அனுமதி இன்னொன்றில் செல்லாது.

1. இடமும் மாதமும்

மே முதல் செப்டம்பர் வரை போங்கள். கோடையில் அங்கே 40 டிகிரி சாதாரணம். அந்த வெயிலில் கேரவன் ஓர் அடுப்பு. ஜூலையில் பகல் இதமாக இருக்கும், ஆனால் இரவில் நடுங்குவீர்கள். பாலைவனம்தானே என்று மெல்லிய போர்வையோடு போனவர்கள் நாங்கள்.

முதல்முறைக்குக் கல்கூர்லி, மென்சீஸ், லியனோரா வரிசை நல்லது. பெர்த்திலிருந்து கல்கூர்லி ஏறக்குறைய 600 கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கே மென்சீஸ் 130, லியனோரா 235. முழுவதும் தார்ச்சாலை, ஊர்களில் டீசல், கேரவன் பார்க் உண்டு. மவுண்ட் மேக்னட், கியூ, மீக்கத்தாரா வழியும் உண்டு. அது கிரேட் நார்தர்ன் நெடுஞ்சாலை. லேவர்ட்டனைத் தாண்டிக் கிழக்கே போகும் எண்ணம் இருந்தால் அதற்கே தனி அனுமதி வேண்டும், பழங்குடியினர் நிலங்கள் வழியாகச் சாலை போகிறது. முதல் பயணத்தில் அது வேண்டாம்.

2. மைனர்ஸ் ரைட்: தலைக்கு ஒன்று

தங்கம் தேடுவதற்கு இதுதான் அடிப்படை அனுமதிக் காகிதம். 1978ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி மாநிலச் சுரங்கத் துறை தருவது. கட்டணம் சுமார் 30 டாலர். ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்கச் செல்லும், புதுப்பிக்க வேண்டியதில்லை. கல்கூர்லி போன்ற ஊர்களின் சுரங்கப் பதிவாளர் அலுவலகத்தில் நேரிலும் வாங்கலாம்.

எங்கள் முதல் தவறு இங்கேயே. குடும்பத்துக்கு ஒன்று போதும் என்று நினைத்து இரண்டு பேர் மட்டும் வாங்கினோம். டிடெக்டரைக் கையில் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் தனியாக வேண்டும். அண்ணி "நான் சும்மா நடக்கத்தான் வருகிறேன்" என்று சொன்னவர், இரண்டாம் நாள் கருவியைக் கொடுக்க மறுத்துவிட்டார். ஆகவே வருகிற எல்லோருக்கும் வாங்கிவிடுங்கள்.

இது எதற்கு அனுமதிக்கிறது? யாருக்கும் சுரங்க உரிமம் தராத அரசு நிலத்தில் தேடலாம், மாதிரியாக 20 கிலோ வரை மண்ணோ கல்லோ எடுக்கலாம், கிடைத்த தங்கத்தை வைத்துக்கொள்ளலாம், தேடும் காலத்தில் அங்கே முகாம் போடலாம். இயந்திரம் வைத்துத் தோண்ட இது போதாது. தேசியப் பூங்காக்களுக்குள் போகவும் இது சீட்டு ஆகாது.

3. நிலம் யாருடையது என்று பார்ப்பது

எங்கள் மூன்று நாளை விழுங்கியது இந்தப் படி. நிதானமாகப் படியுங்கள்.

அந்தப் பிரதேசத்தில் வேலியோ பலகையோ இருக்காது. கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண்ணும் முல்கா புதரும்தான். ஆனால் வரைபடத்தில் அந்த வெற்று மண் முழுக்கக் கட்டம் கட்டமாகப் பலருக்கு உரிமமாகிக் கிடக்கிறது. அரசின் டெங்கிராஃப் என்ற இணைய வரைபடத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும்.

எழுத்து பி என்றால் தேடல் உரிமம். சிறியது, அதிகபட்சம் 200 ஹெக்டேர். பெரும்பாலும் உங்களைப் போலவே டிடெக்டர் வைத்திருக்கும் ஆட்கள் வைத்திருப்பது. எம் என்றால் சுரங்கக் குத்தகை. இந்த இரண்டிலும் உரிமக்காரரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். "பரவாயில்லை, போங்கள்" என்று தொலைபேசியில் சொன்னது பிறகு யாருக்கும் நினைவிருக்காது. மின்னஞ்சலாக வாங்கி அச்செடுத்து வண்டியில் வையுங்கள்.

இ என்றால் ஆய்வு உரிமம். இவை பெரியவை, நிறுவனங்கள் வைத்திருப்பவை. புதியவர்களுக்கு வாய்ப்பு இங்கேதான் அதிகம். உரிமக்காரரிடம் எழுத்துமூலமாகக் கேட்கலாம். இல்லையென்றால் சட்டத்தின் 40இ பிரிவின் கீழ் சுரங்கப் பதிவாளரிடம் அனுமதிச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். மைனர்ஸ் ரைட் வைத்திருப்பவருக்கு மட்டும்தான் தருவார்கள். சிறு கட்டணம் உண்டு. கிடைத்தால் மூன்று மாதம் செல்லும். டிடெக்டரும் கைக்கருவிகளும் மட்டும், ஆழம் 2 மீட்டர் வரை. கிளம்புகிற வாரத்தில் போடுகிற விண்ணப்பம் இல்லை இது. ஆறு வாரம் முன்பே போடுங்கள்.

இன்னொரு நுணுக்கம்: உரிமத்துக்கு விண்ணப்பம் மட்டும் போட்டு இன்னும் வழங்கப்படாத நிலம். அதில் மைனர்ஸ் ரைட் வைத்துத் தேடலாம். ஆனால் அது என்றைக்கு வழங்கப்படும் என்று சொல்ல முடியாது. நாங்கள் மாட்டியது இதில்தான். மே மாதம் அண்ணன் வரைபடத்தைத் தொலைபேசியில் இறக்கி வைத்தபோது அந்தக் கட்டம் விண்ணப்ப நிலையில் இருந்தது. ஜூலையில் அது முழு உரிமம். வந்தவர் நல்ல மனிதர், கத்தவில்லை. தன் தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டினார். நாங்கள் எங்கள் பழைய வரைபடத்தைக் காட்டினோம். அவர் தேதியைச் சுட்டிக்காட்டிவிட்டுப் பேசாமல் நின்றார். அதைவிடக் கத்தியிருக்கலாம்.

ஆக, கிளம்புவதற்கு முந்தின இரவு ஒருமுறை, வழியில் சிக்னல் கிடைக்கும் கடைசி ஊரில் இன்னொருமுறை பாருங்கள். மாற்று இடம் குறைந்தது இரண்டு கைவசம் இருக்கட்டும்.

ஜிபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. பழைய காகித வரைபடங்களும் பழைய ஜிபிஎஸ் கருவிகளும் இடத்தைக் குறிக்கும் வேறொரு அளவை முறையில் இருக்கலாம். பழைய ஏஜிடி முறைக்கும் இன்றைய ஜிடிஏ முறைக்கும் ஏறக்குறைய 200 மீட்டர் வித்தியாசம் வரும். எல்லையோரம் தேடுகிறவருக்கு 200 மீட்டர் என்றால் அடுத்தவர் வீட்டு முற்றம். கருவியின் அமைப்பில் ஜிடிஏ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தங்கத் திருட்டை விசாரிக்கவே மாநிலக் காவல்துறையில் தனிப்பிரிவு ஒன்று கல்கூர்லியில் இருக்கிறது.

4. ஸ்டேஷன்காரருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்

சுரங்க உரிமம் இல்லாத நிலமும் பெரும்பாலும் ஏதோ ஒரு மாட்டுப்பண்ணையின் மேய்ச்சல் குத்தகையில் இருக்கும். இங்கே ஸ்டேஷன் என்பார்கள். பண்ணைக்காரருக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும். எத்தனை பேர், என்ன வண்டி, எத்தனை நாள் என்று சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் பதில்தான் எந்த வரைபடத்தையும்விடப் பயனுள்ளது: எந்தத் தடம் மழையில் அறுந்துவிட்டது, எங்கே காட்டு நாய்களுக்கு விஷம் வைத்திருக்கிறார்கள். வளர்ப்பு நாயைக் கூட்டிப்போக நினைப்பவர்கள் இந்தக் கடைசியைக் கட்டாயம் கேளுங்கள்.

திறந்திருந்த கேட்டைத் திறந்தே விடுங்கள், மூடியிருந்ததை மூடுங்கள். காற்றாலைக்கும் தண்ணீர்த்தொட்டிக்கும் பக்கத்தில் முகாம் போடாதீர்கள். நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்தால் மாடு தண்ணீர் குடிக்க வராது. அணை, கிணறு, ஆழ்துளைக் கிணறு இவற்றிலிருந்து 400 மீட்டருக்குள்ளும், வீடு, பட்டி, தோட்டத்திலிருந்து 100 மீட்டருக்குள்ளும் தேடக்கூடாது.

5. கேரவன்: ஒப்பந்தத்தையும் எடையையும் படியுங்கள்

வாடகைக் கேரவன் எடுக்கிறீர்கள் என்றால் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: மண்சாலையில் போகலாமா? பெரும்பாலான வாடகை வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. நாங்கள் முதலில் பதிவு செய்த கேரவனுக்கும் கிடையாது. அந்த வரியைப் பார்த்தது பயணத்துக்குப் பத்து நாள் முன்பு, முன்பணம் 300 டாலர் போனது. மண்சாலைக்கு அனுமதியுள்ள ஆஃப்ரோடு கேரவனுக்கு நாள் வாடகை கூடுதல், பிணைத்தொகையும் கூடுதல். மாற்று வழி ஒன்று உண்டு, அடுத்தமுறை நாங்கள் அதைத்தான் செய்யப்போகிறோம்: கேரவனை ஊருக்குள் கேரவன் பார்க்கில் நிறுத்திவிட்டு, தினமும் காலையில் வண்டியில் மட்டும் காட்டுக்குப் போய்வருவது. மின்வசதியுள்ள இடத்துக்கு இரவுக்கு 40, 50 டாலர் ஆகும். குளியல், கழிவறை, சிக்னல் எல்லாம் கிடைக்கும்.

எடைக்கு வருவோம். கேரவனின் தகட்டில் ஏடிஎம் என்று ஓர் எண் இருக்கும். பணம் எடுக்கும் இயந்திரம் இல்லை. கேரவன் சாமான்களோடு சேர்த்து இருக்கக்கூடிய உச்ச எடை. எங்களுடையது வெறுமையாக 1,900 கிலோ, உச்சம் 2,300. ஆக 400 கிலோ சுமக்கலாம். நிறைய என்று தோன்றும். இரண்டு தண்ணீர்த்தொட்டி நிரப்பினால் 180 கிலோ போயிற்று. இரண்டு கேஸ் சிலிண்டர் 40. அப்புறம் மின்கலம், நாற்காலிகள், அரிசி மூட்டை, அண்ணி யாரிடமும் சொல்லாமல் ஏற்றிய கிரைண்டர். எடைமேடையில் 2,410 காட்டியது. 110 கிலோ அதிகம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கையைவிரிக்க அது போதும். ஒரு தொட்டியைக் காலி செய்தோம். கிரைண்டர் பெர்த்திலேயே தங்கியது, மாவு மட்டும் வந்தது. இழுக்கும் வண்டியின் இழுவைத் திறன், கொக்கியில் இறங்கும் எடை (கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது நல்லது) இரண்டையும் பாருங்கள்.

கேரவன் இழுத்தால் இந்த மாநிலத்தில் உச்சவேகம் 100, பலகை 110 என்றாலும். பொழுது சாயும் நேரத்தில் ஓட்டாதீர்கள், கங்காருவும் மாடும் சாலைக்கு வரும் நேரம் அது. 53.5 மீட்டர் நீளமுள்ள ரோடு டிரெய்ன் (பல டிரெய்லர்களை இழுக்கும் லாரி) பின்னால் வந்தால் பதறாமல் உங்கள் தடத்திலேயே சீராகப் போங்கள், முந்துவது அவர் பொறுப்பு. யுஎச்எஃப் ரேடியோவில் 40ஆம் சேனலில் லாரிக்காரர்கள் பேசுவார்கள், கேரவன்காரர்களுக்கு 18. நண்பர்கள் இரண்டு வண்டிக்கும் ஆளுக்கொரு ரேடியோ இல்லாமல் போகாதீர்கள். மண்சாலையில் டயர் காற்றைக் குறைக்கவும் திரும்ப ஏற்றவும் கம்ப்ரசர் வேண்டும். மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம். உப்பு ஏரிகள் காய்ந்த மைதானம் போலத் தெரியும், மேலே வண்டியை ஏற்றினால் அச்சுவரை புதையும்.

6. டிடெக்டர்: முதல்முறை வாங்காதீர்கள்

மைன்லேப் நிறுவனத்தின் ஜிபிஎக்ஸ் 6000 போன்ற கருவி 8,000 டாலரை ஒட்டி வரும். ஜிபிஜெட் 7000 அதைவிட விலை கூடியது. கோல்டு மான்ஸ்டர் 1000 போன்ற எளிய கருவி 1,500 அளவில். கல்கூர்லியில் வாடகைக்குக் கிடைக்கிறது, எங்களுக்கு நல்ல கருவி நாளுக்கு 100 டாலருக்குச் சற்றுமேல் ஆனது. ஜூலையில் கூட்டம், முன்பதிவு செய்யுங்கள். வாடகைக்கு எடுக்கும்போது ஒரு மணி நேரம் சொல்லித்தரச் சொல்லுங்கள். அதற்குக் கூச்சப்பட்டால் முதல் நாள் முழுக்க இரும்புக்கல்லைத் தோண்டுவீர்கள். அந்த மண்ணில் இரும்பு அதிகம், விலை குறைந்த கருவிகள் அதில் ஓயாமல் கத்தும்.

கூடவே வேண்டியவை: காந்தம் ஒட்டிய சிறு களைக்கொத்து, பிளாஸ்டிக் கரண்டி, இரும்பு இல்லாத பூட்ஸ். முனையில் இரும்பு வைத்த வேலைக்காலணியோடு போய், காயில் (டிடெக்டரின் அடியில் இருக்கும் கம்பிச்சுருள் வட்டு) ஒவ்வொரு அடிக்கும் ஒலிக்க, புதையல் மேலேயே நடக்கிறோம் என்று அரைமணி நேரம் நம்பியவர் யாரென்று சொல்லமாட்டேன்.

7. தண்ணீர், தொடர்பு, வழி

ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் என்று வைத்துக் கணக்கிடுங்கள், இரண்டு நாளுக்குக் கூடுதலாக.

ஊரைவிட்டு நகர்ந்தால் சிக்னல் போய்விடும். 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒன்று வாங்குங்கள். பிஎல்பி என்பார்கள், 300 முதல் 400 டாலர். வாங்கியதும் ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையமான ஆம்சாவில் பதிவு செய்ய வேண்டும், இலவசம். வண்டியில் வைத்தால் பயனில்லை, நடக்கிறவர் இடுப்பில் இருக்க வேண்டும்.

ஏனென்றால் இங்கே ஆட்கள் தொலைவது வண்டியில் போகும்போது அல்ல. காதில் ஹெட்ஃபோன், கண் மண்ணில், ஒலியைத் தொடர்ந்து போகிறீர்கள். நிமிர்ந்தால் எல்லாப் பக்கமும் ஒரே முல்கா. என் மனைவி முகாமிலிருந்து 400 மீட்டரில் நின்றுகொண்டு எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கியிருந்தார். ரேடியோவில் ஹாரன் அடிக்கச் சொல்லிக் கேட்டதால் திரும்பினார். கையடக்க ஜிபிஎஸ்ஸில் முகாமைக் குறித்த பிறகுதான் முதல் அடி வையுங்கள். ஊரில் ஒருவரிடம் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று எழுதிக்கொடுங்கள்.

பழைய சுரங்கக் குழிகள் மூடாமல் கிடக்கும். விளிம்பு உள்பக்கமாக அரித்திருக்கும். எட்டிப்பார்க்கப் போகாதீர்கள், குழந்தைகள் வந்தால் பழைய சுரங்கப் பகுதியையே தவிருங்கள்.

8. நண்பர்களுக்குள் கணக்கு

இதைப் பேசக் கூச்சப்படுவோம். கிளம்புமுன் பேசிவிடுங்கள். கிடைத்தது கண்டவருக்கா, எல்லோருக்கும் பொதுவா? வாடகைக் கருவி இரண்டு, ஆள் நான்கு என்றால் கருவி யார் கையில் இருந்தபோது கிடைத்தது என்ற பேச்சு வரும். நாங்கள் "முதலில் கிடைக்கட்டும்" என்று தள்ளிப்போட்டோம். கிடைத்தபோது அரை மணி நேரம் யாரும் சரியாகப் பேசவில்லை, அதுவும் ஒரு கிராமுக்குக் குறைவான துண்டுக்கு. கடைசியில் எல்லாம் பொது, எடை போட்டுப் பங்கு என்று முடித்தோம்.

செலவு எங்களுக்கு இப்படி: சுற்றிலும் 2,000 கிலோமீட்டர், கேரவனோடு 100 கிலோமீட்டருக்கு 18 லிட்டர், ஆக 360 லிட்டர் டீசல், லிட்டர் 2 டாலர் என்றால் 720. இரண்டாவது வண்டியின் எரிபொருள் தனி. வாடகைக் கேரவனும் கருவிகளும்தான் பெரும்பங்கு. எல்லா ரசீதையும் ஒருவரே வைத்திருப்பது சண்டையைக் குறைக்கும்.

9. களத்தில்

இரண்டு கருவிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று கெடுக்கும். 50 மீட்டராவது விலகுங்கள். காயிலை மண்ணை ஒட்டி, மெதுவாக, ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு படும்படி ஆட்டுங்கள். வேகமாக நடந்து பரப்பை முடிப்பவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. பழைய ஆட்கள் மண் சலித்த குவியல்களின் ஓரம், வெள்ளைக் குவார்ட்ஸ் சிதறிக் கிடக்கும் சரிவு, அதன் கீழ் ஓடைத்தடம் இவற்றில் தொடங்குங்கள்.

ஒலிப்பதில் பெரும்பகுதி ஆணி, தோட்டா உறை, தகரம். முதலில் கொத்தின் காந்தத்தை மண்ணில் இழுத்துப் பாருங்கள், பாதி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். குப்பையைப் பையில் போட்டு எடுத்துவாருங்கள். தோண்டிய குழியை உடனே மூட வேண்டும், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. மாட்டின் கால் அதில் போனால் பண்ணைக்காரர் அடுத்த தேடுபவருக்குக் கதவைத் திறக்கமாட்டார். தீ மூட்டுவதற்கு முன் அன்றைய தீத்தடையைப் பாருங்கள்.

ஆறாம் நாள் மாலை அண்ணிதான் முதல் துண்டைக் கண்டார். குண்டுமணியைவிடக் கொஞ்சம் பெரிது. எச்சில் தொட்டுத் துடைத்ததும் மஞ்சள் தெரிந்தது. அப்புறம் அந்த 10 மீட்டர் வட்டத்தையே இரண்டு நாள் சுற்றினோம். அது சரியான முடிவு: ஒரு துண்டு கிடைத்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

10. கிடைத்ததை என்ன செய்வது

சுத்தியலால் தட்டாதீர்கள், உருக்காதீர்கள். இயற்கை வடிவில் இருக்கும் துண்டுக்குத் தங்கத்தின் விலைக்கு மேலேயே தரும் ஆட்கள் உண்டு. எங்கே, என்று கிடைத்தது, எடை எவ்வளவு என்று எழுதிப் படமெடுத்து வையுங்கள், அனுமதிக் காகிதத்தையும் அதனோடு சேர்த்து. இங்கே அவுன்ஸ் கணக்கில் பேசுவார்கள். ஓர் அவுன்ஸ் 31.1 கிராம், நம் கணக்கில் நான்கு சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. பெரிதாகக் கிடைத்து விற்கப்போகிறீர்கள் என்றால் வரி பற்றிக் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எங்களுக்கு மூன்று துண்டு, மொத்தம் 2.6 கிராம். நான்காகப் பங்கு போட்டால் ஆளுக்கு 0.65. வெட்டவும் மனமில்லை, விற்றால் டீசல் காசும் தேறாது. மூடி போட்ட மருந்துக் குப்பியில் அண்ணன் வீட்டுச் சாமி அலமாரியில் இருக்கிறது. அடுத்த ஜூலைக்கு 40இ விண்ணப்பத்தை மே மாதமே போட வேண்டும் என்று குப்பியின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்.